வேறு என்ன கேட்டது

முதல் நாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "மீட்டர் வைக்கணும்" என்றபோது நான் அவரைப் பக்கவாட்டில் கூட்டிக்கொண்டு போய் கரண்டு மீட்டரைக் காட்டினேன். மரியாதைக்கு அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "இது நல்லாத்தான் ஓடுது அண்ணா. நான் சத்தம் அளக்க வந்த ஆளாக்கும்" என்றார். தோளில் ஒரு முக்காலி, கையில் கறுப்புப் பெட்டி, கக்கத்தில் வெயிலில் வெளுத்த குடை. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் அவருக்கு மீட்டர் அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இருவருக்கும் நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. அவர் பக்கத்திலிருக்கும் செங்கல் என்ற ஊர்க்காரர். பாறசாலையில் தமிழில் பள்ளிக்கூடம் படித்து, பிறகு எஞ்சினியரிங் படித்து, பெருநகரங்களில் மெட்ரோ வண்டிகள் வளைவில் எவ்வளவு கத்துகின்றன, சுரங்கத்துக்குள் எவ்வளவு இரைகின்றன என்று அளந்துகொண்டு இருபது வருடம் ஊர் ஊராகத் திரிந்தவர். இங்கே வேலை வந்ததும் சொந்த ஊர்ச் சோறு தின்னலாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம்.

வேலை இதுதான். எங்கள் ஒற்றை ரயில் பாதை இரட்டையாகப் போகிறது, நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகப் புதிய வண்டிகள் ஓடப்போகின்றன என்று ஆனபோது, எந்தெந்த வீட்டில் சத்தம் வரம்பைத் தாண்டுகிறதோ அங்கெல்லாம் பாதை ஓரமாகத் தடுப்பு மதில் கட்டித் தருவதாகப் பேச்சு வந்தது. யார் வீட்டுக்கு மதில், யார் வீட்டுக்கு இல்லை என்று அளந்து சொல்ல வேண்டியவர் மீட்டர் அக்கா. ஆகவே அவருக்கு எங்கள் ஊரில் டீக்கும் பழம்பொரிக்கும் பஞ்சமே இருக்கவில்லை.

எனக்கு அந்த மதில் வேண்டும். தனுவச்சபுரத்தில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. என் மனைவி சுஜா நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வருடக்கணக்காக ராத்திரி டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து படுப்பாள். ஜன்னலில் ஒரு கறுப்புக் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டு அவளுக்காக ஒரு ராத்திரி செய்து வைத்திருக்கிறேன். வெளிச்சத்தைத் தடுக்கக் கம்பளி போதும். வண்டியைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் முழித்துக்கொள்வாள். ஒருநாள் வந்து, மருந்துச் சீட்டை இரண்டு தடவை வாசித்தும் மண்டையில் ஏறவில்லை, மூன்றாவது தடவைதான் ஏறியது என்று சொல்லி அழுதாள். அதிலிருந்து எனக்குப் பயம். பாதை இரட்டையானால் வண்டியும் கூடும்.

மீட்டர் அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. கருவி தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளும். ஆனாலும் அவர் கையால் எழுதுவார். மணி, வண்டி எந்தப் பக்கம் போனது, எத்தனை பெட்டி, எவ்வளவு சத்தம். கடைசியாக அகலமாக ஒரு கட்டம். அதன் தலையில் ‘வேறு என்ன கேட்டது’ என்று தமிழில் எழுதியிருப்பார். அவருடைய குணம் முழுக்க அந்தக் கட்டத்தில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். வண்டி போகிற அரை நிமிடத்தில் காதில் என்ன விழுந்தாலும் அதில் ஏறிவிடும். ‘காக்கை இரண்டு. ஒன்று மாமரத்தில்.’ ‘பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தார்கள்.’ ‘தேங்காய் ஒன்று விழுந்தது, கிழக்கே.’ ‘வீட்டுக்காரர் தும்மினார்.’ வீட்டுக்காரர் நான்தான்.

"தும்மினதெல்லாமா அக்கா எழுதுவாங்க?" என்று கேட்டேன்.

"வண்டிக்க சத்தத்துல உங்க தும்மலும் கலந்தாச்சு இல்லியா? பிரிச்சு எடுக்க ஒக்காது. எழுதியாவது வைக்கணும்" என்றார். "உள்ளதத்தான் எழுதணும் அண்ணா. ஆனா உள்ளது மொத்தமும் எழுதணும்."

இந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் சேர்த்தேதான் சொல்வார். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டுக் கேட்டதில்லை.

அளக்கத் தொடங்கும் முன் ஒரு சின்னக் குப்பி மாதிரியான கருவியை மைக்கின் தலையில் மாட்டுவார். அது ஒரே சுருதியில் கூவும். அந்தக் கூவல் எவ்வளவு என்பது முன்பே தெரிந்தது, மீட்டர் அதையே காட்ட வேண்டும். சாயங்காலம் மூட்டை கட்டும்போது மறுபடி மாட்டுவார். இதற்கு அவர் வைத்த பெயர் சத்தியம் வாங்குவது. காலையில் சொன்னதும் மாலையில் சொன்னதும் அரை டெசிபலுக்கு மேல் விலகினால் அன்றைய பகல் முழுவதும் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிவிடுவார். அப்படி ஒருநாள் எங்கள் வீட்டுப் பக்கம் காலை முதல் வெயிலில் நின்று எழுதிய நான்கு பக்கத்தை அவர் கோடு போடுவதை நான் பார்த்தேன். எனக்குத்தான் வயிறெரிந்தது. அவர் குடையை மடக்கிக்கொண்டு, "நாளைக்கும் வண்டி வரும்லா" என்று போய்விட்டார்.

சத்தமில்லாத நேரத்தின் சத்தத்தையும் அளக்க வேண்டும் என்பார். வண்டி வராதபோது ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் வண்டி எவ்வளவு கூட்டுகிறது என்று தெரியும். அந்த வாரம் பக்கத்துத் தேவி கோயிலில் உற்சவம். கோளாம்பி ஸ்பீக்கர் பாதை ஓரத்துத் தெங்கில் கட்டியிருந்தது. அக்கா போய்க் கமிட்டிக்காரர்களிடம் பத்து நிமிடம் பாட்டை நிறுத்த முடியுமா என்று கேட்டார். அவர்கள் நல்ல மனிதர்கள். பத்து என்ன, அரை மணி நேரம் நிறுத்துகிறோம் என்றார்கள். பாட்டு நின்றது. நான் எங்கள் மோட்டாரை அணைத்தேன். எதிர்வீட்டில் நாயைப் பின்பக்கம் கொண்டு கட்டினார்கள். அக்கா பேனாவை எடுத்தார். அப்போது கோளாம்பி திறந்து, கமிட்டி செக்ரட்டரி கனத்த குரலில் மலையாளத்தில் ஆரம்பித்தார்: "பக்தஜனங்களுடெ ஸ்ரத்தக்கு. இவிடெ சப்தம் அளக்குகயாணு. எல்லாவரும் தயவாயி நிசப்தத பாலிக்குக." இங்கே சத்தம் அளக்கிறார்கள், எல்லாரும் தயவுசெய்து அமைதி காக்க வேண்டும் என்று அதையே தமிழிலும் சொன்னார். யாரும் விட்டுப்போகக் கூடாதே என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமும் சொன்னார்.

நான் சிரித்துச் சிரித்து முக்காலியைத் தட்டிவிடப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. கட்டத்தில், ‘அமைதியாக இருக்கும்படி அறிவிப்பு, பதினான்கு தடவை’ என்று எழுதினார். பிறகு கோயிலுக்குப் போய் செக்ரட்டரிக்கு நன்றி சொல்லிவிட்டு, கையில் பாயசத்தோடு திரும்பினார். மறுநாள் உற்சவம் முடிந்தபிறகு மறுபடி வந்து அளந்தார்.

அவருடைய லேப்டாப்பில் எங்கள் ஊர் இருந்தது. பாதை ஒரு கோடு, வீடுகள் பெட்டி பெட்டியாக. எந்த வீடு ஓடு, எது கான்கிரீட், எது மாடி என்று எல்லாம் கணக்கில் ஏற்றியிருந்தார். வண்டியின் நீளத்தையும் வேகத்தையும் கொடுத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு சத்தம் வந்து சேரும் என்று அதுவே நிறம் போட்டுக் காட்டும். வரம்பைத் தாண்டிய வீடு சிவப்பு. பக்கத்து வீட்டுத் தங்கம்மை அக்கா வந்து அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுப் பொறத்த இருபது தெங்கு நிக்குது. ஒண்ணக்கூட காணல்லியே" என்று குறைப்பட்டார்.

"ஒற்றை வரிசைத் தெங்கு சத்தத்தெ தடுக்காது அக்கா. அது நம்ம மனசுக்காக்கும்" என்றார் மீட்டர் அக்கா.

தங்கம்மை அக்காவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் மீட்டர் வைத்தபோது, லேப்டாப் சொன்னதற்கும் மீட்டர் சொன்னதற்கும் நல்ல வித்தியாசம் வந்தது. மீட்டர் அதிகம் காட்டியது. கணக்கும் காதும் ஒத்துவராவிட்டால் மீட்டர் அக்கா இரண்டையும் நம்பமாட்டார். அடுத்த வண்டி வரும்போது முக்காலியை விட்டுவிட்டு மெல்ல வீட்டின் பின்பக்கம் போனார். அங்கே தங்கம்மை அக்காவும் அவர் தங்கையும் கிணற்றடியில் உட்கார்ந்து, வண்டி வந்த உடனே அலுமினியப் பானைகளைக் கவிழ்த்து வைத்து மண்ணும் சாம்பலும் போட்டு மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி போனதும் நிறுத்தினார்கள். மீட்டர் அக்கா நிற்பதைக் கண்டதும் தங்கை பானைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"வண்டிக்கு ஒரு கை உதவி செஞ்சோம் மக்கா" என்றார் தங்கம்மை அக்கா.

மீட்டர் அக்கா திண்டில் உட்கார்ந்து நோட்டை விரித்து, ‘பானை, இரண்டு. உதவி’ என்று எழுதி அவர்களுக்கே வாசித்துக் காட்டினார். அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். அன்றைய பக்கத்துக்கும் கோடு விழுந்தது. மறுநாள் பானை இல்லாமல் அளந்ததில் அந்த வீடு தானாகவே சிவப்பில்தான் நின்றது. பாதைக்கு அவ்வளவு பக்கம்.

எங்கள் வீடு கொஞ்சம் தள்ளி. முதல் நாள் வந்தபோது, ஜன்னல் கம்பளியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். நான் வாயில் விரலை வைத்து, "வீட்டுக்காரி ஒறங்குதா. நைட் டியூட்டி" என்றேன். அவர் உடனே செருப்பைக் கழற்றினார். எங்கள் முற்றம் ஜல்லி போட்டது, நடந்தால் கறுமுறு என்று சத்தம் வரும். அதற்குப்பிறகு வந்த பன்னிரண்டு நாளும் படலைத் திறந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கூரான ஜல்லியில் வெறுங்காலோடுதான் நடந்தார். மைக்கை அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தானும் அங்கேயே சுவரோரம் குந்தியிருப்பார்.

கடைசி நாள் சாயங்காலம் நான் கேட்டே விட்டேன். வெட்கம் கெட்டுத்தான் கேட்டேன். "அக்கா, ஒரு ரெண்டோ மூணோ கூட்டிப் போட்டா எங்களுக்கும் மதிலு கிட்டும். ஆருக்கும் நஷ்டமில்ல."

அவர் கோபப்படவில்லை. சத்தியம் வாங்கும் குப்பியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "உங்களுக்கு ரெண்டு கூட்டினா, பின்ன இந்த நோட்டுல உள்ள மற்ற வீட்டுக்கெல்லாம் நான் எழுதினதெ ஆரு நம்புவா? தங்கம்மை அக்காளுக்க வீடு நெசமாட்டே சிவப்பு. அதுவும் கள்ளமாப் போவும்லா" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மனசு ஆறவில்லை. செருப்பைக் கழற்றத் தெரிந்தவருக்கு இரண்டு டெசிபல் கூட்டத் தெரியவில்லையே என்று அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கடுப்புத்தான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில் பென்டிரைவோடு என் கடைக்கு வந்தார். அறிக்கை தயார், பத்துப் பிரதி அச்சடித்து ஸ்பைரல் போட வேண்டும் என்றார். பக்கத்தை மட்டும் ஒழுங்கு செய்து வைக்கச் சொல்லிவிட்டு, தனக்கு அதியன்னூர் வரை ஒரு வேலை உண்டு, மதியத்துக்குள் வருகிறேன் என்று பஸ் ஏறினார். அவர் என்னிடம் கொடுத்திருக்கக் கூடாது. எங்கள் ஊரில் வேறு ஜெராக்ஸ் கடையும் உண்டு.

கோப்பைத் திறந்து நேராக எங்கள் வீட்டைத் தேடினேன். அட்டவணை அகலம் அதிகம் என்பதால் பக்கத்தில் அடங்காமல் வலது பக்கத்துக் கட்டங்கள் வேறு பக்கத்துக்கு ஓடிப்போயிருந்தன. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. சராசரி என்று ஒரு வரி. பகல் வரம்புக்குக் கொஞ்சம் கீழே. கடைசி இலக்கம் மூன்று. அதை எட்டாக்கினால் தாண்டிவிடும். கடையில் ஆள் இல்லை. விரல் எட்டை அடித்தது. சேமித்தும் விட்டேன். சுஜா அந்த நேரம் வீட்டில் படுத்திருப்பாள். பத்தேகால் வண்டி என் கடைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. திருடினால் இப்படித்தான் வேர்க்கும் போல என்று நினைத்தேன்.

மதியம் அக்கா வந்தார். பிரிண்டரைத் தட்டப்போனேன். "இருங்க அண்ணா. ஒருத்தரு வாசிக்கணும், ஒருத்தரு பாக்கணும்" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு, பையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்தார். அதுவரை சின்னச் சின்னத் தாள்கள் அச்சடிக்க வந்தபோதெல்லாம் தானே சரிபார்த்துக்கொண்டு போவார். பெரிய அறிக்கைக்கு இந்த முறை என்று எனக்குத் தெரியாது.

அவர் நோட்டைப் பார்த்துச் சொல்ல, நான் திரையைப் பார்த்து சரி, சரி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு வீடாகத் தாண்டினோம். தங்கம்மை அக்கா வீடு சரி. அடுத்தது எங்கள் வீடு. வண்டி வண்டியாகச் சரி, சரி என்று வந்தேன். சராசரி வந்தது. மூன்று என்றார் அவர். திரையில் எட்டு. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த இரண்டு எழுத்து எனக்கு வாயில் வரவில்லை.

"என்னாச்சு?" என்றார்.

"ஒரு இலக்கம் மாறிக் கெடக்கு அக்கா."

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "அப்போ மாத்துங்க" என்றார். மாற்றினேன். எப்படி மாறியது என்று அவர் கேட்கவே இல்லை. அது எனக்குக் கன்னத்தில் அறைந்ததைவிட அதிகமாக இருந்தது.

"இனி வலது பக்கம் தள்ளி அந்தக் கடைசிக் கட்டத்தெ வாசிங்க. அதையும் பாக்கணும்லா."

தள்ளினேன். ‘வேறு என்ன கேட்டது.’ நோட்டில் தமிழில் இருந்ததை அறிக்கையில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வாசித்தேன். எட்டு நாற்பது வண்டி, ஜன்னலுக்கு உள்ளே கட்டில் அசைந்தது. ஒன்பது இருபது வண்டி, கட்டில் அசைந்தது. பத்தேகால் வண்டி, கட்டில் அசைந்தது, இருமல். அடுத்த வண்டி, கட்டில். அடுத்த வண்டி, கட்டில், பிறகு தண்ணீர்க் குப்பி திறந்த சத்தம். அடுத்தது, கட்டில். பன்னிரண்டு நாளுக்கும் அப்படியே. நடுவில் எங்கேயோ காக்கையும் கடுகும் என் தும்மலும். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கம்பளிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து, சுஜா புரண்டு படுத்ததையெல்லாம் இவர் எண்ணி எழுதியிருக்கிறார். ஒரே வீட்டில் இருக்கிற நான் எண்ணியதில்லை.

"வாசிங்க அண்ணா, தீரல்ல" என்றார்.

கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. ‘இந்த வீட்டில் இரவுப் பணி செய்யும் நர்ஸ் ஒருவர் காலை எட்டு முதல் மாலை மூன்று வரை உறங்குகிறார். ஆகவே இந்த வீட்டுக்கு அந்த நேரம் இரவு. அளவுகளை இரவு வரம்போடும் ஒப்பிட்டுப் படம் தரப்பட்டுள்ளது.’ பக்கத்தைத் திருப்பினேன். இரவு வரம்பு பகலைவிடக் கறாரானது. படத்தில் எங்கள் வீடு சிவப்பாக இருந்தது.

"சட்டத்துல அப்பிடி ஒரு வகை கெடையாது. மேல உள்ளவங்க ஒத்துக்கிடுவாங்களான்னும் எனக்கறியாது" என்றார். "நான் உள்ளது மொத்தமும் எழுதியாச்சு. அவ்வளவுதான்."

அன்று எங்கள் வீட்டுப் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி கூடுதலாக எடுக்கட்டுமா என்று அனுமதி கேட்டேன். தலையாட்டினார். மூன்று மணிக்கு சுஜா எழுந்து பால் விடாத கட்டஞ்சாயா குடிக்கும்போது அதைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு வாசிக்கிறவள் என்பதால் ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து வாசித்தாள். வாசித்துவிட்டு, "எனக்க ஒறக்கத்தெ இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்ல" என்றாள். தாளை மடித்து பைபிளுக்குள் வைத்தாள். நான் செய்த எட்டைப் பற்றி அவளிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. சொன்னதும், "எலே, எனக்காட்டே களவெடுத்தியா நீ" என்று தலையில் ஒரு கொட்டு கொட்டினாள். அதோடு அந்த விஷயம் தீர்ந்தது.

மீட்டர் அக்கா வேறு ஏதோ ஊரின் மெட்ரோவுக்குப் போய்விட்டார். மதில் வர ஒன்றரை வருடம் பிடித்தது. தங்கம்மை அக்கா வீட்டிலிருந்து தொடங்கி எங்கள் வீட்டு எல்லையைத் தாண்டிப் பத்தடி வரை நிற்கிறது. கொஞ்சம் அவலட்சணமான மதில்தான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது.

கட்டி முடிந்ததை அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, நான் கடைக்குக் கிளம்பும் முன், போன் வந்தது. சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "பத்தேகால் வண்டி இனியும் உண்டா? அப்போ போனெ கொண்டுபோய் அந்த ஜன்னலுக்க பக்கத்துல நில்லுங்க அண்ணா" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஜல்லியில் நடந்து போய், போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. மதிலுக்கு அந்தப்புறம், தூரத்தில் யாரோ பாய் சுருட்டுவது போல ஒரு சத்தம். போய்விட்டது.

"செரி. வேற என்ன கேட்டுது?" என்றார் மெதுவாக.

"காக்கா, ரெண்டு. ஒண்ணு மாமரத்துல."

"ம்."

"தங்கம்மை அக்கா வீட்ல கடுகு தாளிக்காங்க."

"ம். கட்டிலு?"

கம்பளியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். சுஜா ஒரு கையைக் கன்னத்துக்கு வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு கிடந்தாள். படுத்த பக்கம் மாறவில்லை.

"இல்ல அக்கா. கேக்கல்ல."

அந்தப் பக்கம் தாளில் பேனா ஓடுவது கேட்டது.